மூச்சுக்குப் பேச்சா, மூச்சுக்குப் பூட்டா: ஒரு ராப் பாடலில் அரை ரைம் கையாளப்பட்ட நிகழ்வின் ஆய்வு

பதிவின் நோக்கம்

ராப் பாடல் எழுதத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த ஓர் இளைஞர், தன் தந்தையின் மறைவைப் பற்றி ஒரு பாடல் எழுதினார். முதல் வரைவிலிருந்து ஒலிப்பதிவு வரை அப்பாடலின் வரிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவனாக நான் உடனிருந்தேன். முழுமையாக ஒத்துவராத ரைம்களை, எங்கள் வழக்கில் சொன்னால் அரை ரைம்களை, எங்கே பயன்படுத்தலாம், எந்த அளவுக்குத் தளர்த்தலாம் என்ற கேள்வி அந்த வேலை முழுவதும் எங்களோடு வந்தது. அதற்கு நாங்கள் எடுத்த முடிவுகளில் சில சரியாக அமைந்தன. ஒன்றிரண்டு தவறாகப் போயின. இதே இடத்தில் சிக்கியிருக்கும் பிறருக்கு உதவும் என்பதால் இரண்டையும் எழுதி வைக்கிறேன். வரிகளை வெளியிட அவருடைய ஒப்புதல் உண்டு. பேச்சு வழக்கில் அவர் எழுதியவற்றை அப்படியே தருகிறேன்.

பின்னணி

பாடலில் மூன்று வெர்ஸ்கள், அதாவது சரணம் போன்ற பகுதிகள். ஒவ்வொன்றும் பதினாறு பார் (தாளச் சுற்று). இடையே, பல்லவிபோலத் திரும்ப வரும், எட்டு பார் கொண்ட ஹூக். பின்னணித் தாள இசையான பீட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு. ஒரு பாரில் நான்கு தட்டு என்பதால் ஒரு பார் ஏறக்குறைய 2.7 வினாடி நீடிக்கும். ஒரு வெர்ஸ் 43 வினாடிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்குப் பதினாறு சிறு இடங்கள் கிடைக்கின்றன. சொற்களை அவற்றில்தான் உட்கார வைக்க வேண்டும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

தந்தை இறந்து ஏழு மாதம் கழித்து அவர் முதல் வரைவைக் கொண்டுவந்தார். முதல் வெர்ஸின் தொடக்கம் இப்படி இருந்தது:

அடங்கிப் போச்சு அவரு மூச்சு
அதுக்கு முன்னால நின்னது பேச்சு
எல்லாம் கனவா கலைஞ்சு போச்சு
எனக்கு உலகமே இருட்டா ஆச்சு

ரைமில் ஒரு குறையும் இல்லை. நான்கு வரியும் நான்காம் தட்டில் ஒரே மாதிரி வந்து விழுகின்றன. ஆனால் ‘மூச்சு’ என்று கேட்ட நொடியே ‘பேச்சு’ வரப்போகிறது என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த ஒன்று வந்து சேரும்போது காது அதைப் பெற்றுக்கொள்கிறது, ஆனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரண்டாம் வெர்ஸில் வேறொரு நிலை. அங்கே பதினாறு வரிகளில் பதினொன்று ‘றேன்’ என்று முடிந்தன: நடக்குறேன், சிரிக்கிறேன், எழுதுறேன், முழிக்கிறேன். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருவதாலும், காலமும் இடமும் விகுதியாக அதன் வாலில் ஒட்டுவதாலும், தன்னைப் பற்றி நிகழ்காலத்தில் பேசும் எவருக்கும் இந்த இயைபு (இறுதி ஒலி ஒன்றுவது) கேட்காமலே கிடைத்துவிடும். உழைப்பில்லாமல் கிடைக்கும் ஒற்றுமை என்பதால் காதுக்கு அது ரைமாகப் படுவதில்லை. இலக்கணம் தன் வேலையைச் செய்வதாகவே படுகிறது.

முதலில் கவனித்தவை

வரைவைப் படித்து முடித்ததும் வரிகளைப் பற்றி எதுவும் சொல்லாமல், அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தந்தை கடைசிவரை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பேச்சு முன்னாலேயே நின்றுவிட்டது என்பது நடக்காத ஒன்று. ‘மூச்சு’க்கு இணையாகப் ‘பேச்சு’ வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தால் மட்டுமே அது பாடலுக்குள் வந்திருந்தது. அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயா என்பது. மகன் எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்து, “போட்டுட்டேன்ப்பா” என்று சொல்லித் திரும்பியபோது தந்தை இல்லை.

இந்தத் தாழ்ப்பாள் முதல் வரைவில் எங்கும் இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, “அதுக்கு ரைம் கிடைக்கல” என்றார்.

இந்த நிகழ்வை எழுதி வைக்க வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அந்தப் பதில்தான் காரணம். முழு ரைம் அவரிடமிருந்து உண்மையான ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் பொய்யான ஒன்றைக் கொடுத்திருந்தது. இது அவருடைய சோம்பலால் நேர்ந்ததன்று. மூன்று ஆண்டுகள் முழு ரைமையே அளவுகோலாக வைத்துப் பழகிய கை அது.

முதல் முடிவும் அதன் காரணமும்

பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்த இரவைப் பற்றி ஒரு பக்கம் உரைநடையில் எழுதச் சொன்னேன். ரைம் பற்றி நினைக்கவே கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எழுதிவந்த பக்கத்தில் வேறு யாராலும் எழுத முடியாத சொற்களுக்கு அடிக்கோடு இட்டோம். தாப்பா போட்டியா. இன்னும் அழிக்காத தொலைபேசி எண். மடிக்காமல் கிடக்கும் கம்பளி. இப்போது இரவில் இரண்டு முறை இழுத்துப் பார்க்கும் பூட்டு. இவை அசையாத சொற்கள். ரைம்தான் இவற்றைத் தேடி வர வேண்டும், இவை ரைமைத் தேடிப் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். அப்படி வரும் ரைம் அரைகுறையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வது என்றும் பேசிக்கொண்டோம்.

உலக ராப்பில் இது புதிதன்று. அமெரிக்க ராப்பர் ராக்கிம் 1987-இல் வெளிவந்த ‘பெய்ட் இன் ஃபுல்’ தொகுப்பில், வரிக் கடைசியில் ஒரே ஒரு சொல்லை ஒத்துவைப்பதோடு நிற்காமல், வரிக்குள்ளேயும் பல அசைகளை (யாப்பின் நேர், நிரை அல்ல; உயிரொலிக்கு ஒன்றாக எண்ணும் சிலபிள்) இணைத்துக்கொண்டே போனார். இன்னோர் அமெரிக்க ராப்பரான எமினெம் 2010-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், ‘ஆரஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ரைம் கிடையாது என்ற கூற்றை மறுத்து, உச்சரிப்பைச் சற்று வளைத்தால் அதனோடு இணையும் சொற்கள் பல உண்டு என்று சொல்லியே காட்டினார். அந்த இளைஞரும் அதைப் பார்த்திருந்தார். எனவே அரை ரைம் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தமிழில் அதை எப்படிச் செய்வது என்பதில்தான் இருவருக்கும் தெளிவில்லாமல் இருந்தது.

இரண்டாம் வரைவு: தளர்வு மிகுதியானது

இரண்டு வாரத்தில் வந்த இரண்டாம் வரைவு உண்மைகளால் நிறைந்திருந்தது; ஆனால் பாட்டாக நிற்கவில்லை. ‘நெஞ்சம்’ என்பதற்கு ‘வந்தோம்’, ‘கனவு’ என்பதற்குக் ‘கடிதம்’, ‘படம்’ என்பதற்குப் ‘பாடம்’ என்று இணைத்திருந்தார். முதலெழுத்து ஒன்றினாலோ கடைசி மெய் ஒன்றினாலோ போதும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கே தவறு என்று கேட்டபோது என்னாலும் உடனே சொல்ல முடியவில்லை. ‘கேட்க நன்றாக இல்லை’ என்று மட்டும் சொல்வது எழுதுகிறவருக்கு எந்த உதவியும் செய்யாது.

ஆகவே ஐந்து பேரை உட்காரவைத்தோம். இருவர் பாடல் எழுதுகிறவர்கள். மற்ற மூவர் கேட்பவர்கள் மட்டும். 90 தட்டு வேகத்தில், சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவி ஓட, அவர் வரிகளை இரண்டிரண்டாகச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். எழுத்து யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு வரிகள் ஜோடி சேர்ந்ததாகக் காது சொல்லும் இடத்தில் கையைத் தூக்கினால் போதும் என்று கேட்டுக்கொண்டோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாடலில் இல்லாத சில ஜோடிகளையும் நான் சேர்த்திருந்தேன்.

‘படம் – பாடம்’ ஜோடிக்கு ஒரு கைகூட உயரவில்லை. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஒத்திருந்தும் காது அதை ஏற்கவில்லை. ஆனால் ‘பாடம் – தாகம்’ என்பதற்கு நால்வர் கை தூக்கினார்கள். அங்கே முதல் மெய்யும் வேறு, நடு மெய்யும் வேறு. உயிர் ஒலிகளும் கடைசி மகரமும் மட்டுமே ஒன்று. ‘மூச்சு – பூட்டு’ என்பதற்கு ஐவரும் தூக்கினார்கள். ‘நெஞ்சம் – வந்தோம்’ எதிர்பார்த்தபடியே அமைதியாகக் கடந்து போனது.

இன்னொன்றும் தெரியவந்தது. ‘அறை’ என்பதோடு ‘தரை’யை இணைக்க அவர் முதலில் தயங்கியிருந்தார், எழுத்தைப் பார்த்தால் ஒன்று வல்லின றகரம், மற்றது இடையின ரகரம். கேட்டவர்களுக்கு அது முழு ரைமாகவே இருந்தது. இன்றைய பேச்சில் பலருக்கு இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன என்பதால், பாடும்போது கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டுக்கு அங்கே வேலை இல்லை. ‘பாகம் – பாக்கம்’ இதற்கு நேர்மாறு. எழுத்தில் இரண்டும் ககரம்தான். ஆனால் தனித்து நிற்கும் ககரம் மென்மையாகக் கரைந்துவிடுகிறது, இரட்டித்த ககரம் அடைத்து நிற்கிறது.

யாப்பிலிருந்து கிடைத்த விளக்கம்

அந்த மாலையின் முடிவுகளை வைத்துக்கொண்டு யாப்பில் ஒலிகள் ஒன்றி வருவதைச் சொல்லும் தொடை இலக்கணத்தைத் திரும்பப் படித்தேன். முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. பள்ளியில் இரண்டாவது பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, ‘அளவொத்து நிற்க’ என்ற முதல் பகுதியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்பதே அதன் பொருள். ‘கட்டு’க்குப் ‘பட்டு’ எதுகை, ‘பாட்டு’ எதுகையாகாது. ‘படம் – பாடம்’ ஏன் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. தமிழில் உயிரின் நீளம் மாறினால் சொல்லே மாறிவிடும். கல் வேறு, கால் வேறு. ஆகவே ஆங்கிலத்தில் எமினெம் செய்வதுபோல உயிரை இழுத்தோ குறுக்கியோ ரைமை வளைப்பதற்குத் தமிழ்க் காது எளிதில் இடம் கொடுப்பதில்லை. தொல்காப்பியம் ஒரு மாத்திரையைக் கண்ணிமைப்பின் அளவு, கைந்நொடியின் அளவு என்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு பாருக்குப் பதினாறு சிறு இடம் என்று ராப்பர் போடும் கணக்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

அடுத்து, இன எதுகை. இரண்டாம் எழுத்து அப்படியே ஒன்றாமல் அதன் இனத்தோடு ஒன்றினாலும் எதுகை என்று யாப்பு ஏற்றிருக்கிறது. ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் முதலடியின் ‘தக்கார்’ என்பதற்கு இரண்டாம் அடியில் ‘எச்சத்தால்’ வருவது வல்லின எதுகை. ‘அன்பீனும்’ என்பதற்கு ‘நண்பென்னும்’ வருவது மெல்லின எதுகை. ‘எல்லா விளக்கும்’ என்பதற்குப் ‘பொய்யா விளக்கே’ இடையின எதுகை. ‘வாய்மை – தீமை’ என்பதில் இடையே யகர ஒற்று ஒன்று நுழைந்தும் எதுகை கெடவில்லை. இப்படி இடையே நுழையும் ஒற்றுக்கு ஆசு என்று பெயர், இந்த எதுகையை ஆசிடை எதுகை என்பார்கள். அரை ரைம் என்று நாங்கள் அழைத்ததைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே பெயர் வைத்து, வகை பிரித்து, எல்லையும் வகுத்து வைத்திருக்கிறது என்பதைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டானது. அதை மறைக்க விரும்பவில்லை.

இந்த வகைகள் காதுக்கும் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. க், ச், த், ப் ஆகியவை இரட்டிக்கும்போது மூச்சு ஒரு கணம் அடைபடுகிறது. பின்னர் வெடித்து வெளிவருகிறது. எந்த இடத்தில் அடைபட்டது என்பதைவிட, அடைபட்டது என்பதையே காது முதலில் பிடிக்கிறது. மெல்லினம் மூக்கின் வழியே ரீங்கரிக்கிறது. இடையினம் தடையில்லாமல் வழுக்கிச் செல்கிறது. தாளத்தோடு சொல்லும்போது அந்த அடைப்பும் வெடிப்பும் டிரம் ஒலியோடு சேர்ந்துகொள்வதால், இரட்டித்த வல்லினங்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பது மிக எளிதாக அமைகிறது.

கடைசியாக ஒன்று. ஆங்கிலத்தில் முழு ரைம் என்றால் அழுத்தம் பெறும் உயிரும் அதன் பின் வருவதெல்லாமும் ஒத்திருக்க வேண்டும். அந்த அளவில் பார்த்தால் ‘மூச்சு – பேச்சு’ முழு ரைமே அன்று. ஒன்றில் ஊகாரம், மற்றதில் ஏகாரம். நமக்கோ அது நிறைவான எதுகை, ஏனெனில் நம் மரபில் இரண்டாம் எழுத்தின் மெய்தான் பிடிகயிறு. உயிரின் நிறம் மாறலாம், நீளம் மட்டும் மாறக் கூடாது. ராப் வழியாக வந்த அரை ரைமில் உயிர்தான் பிடிகயிறு, மெய் மாறலாம். இன்றைய தமிழ்க் கேட்பவருக்கு இரண்டு பழக்கமும் உண்டு. எனவே நாங்கள் வைத்துக்கொண்ட நடைமுறை இதுதான்: மெய்யை விட்டால் உயிரைப் பிடிக்க வேண்டும், உயிரை விட்டால் மெய்யைப் பிடிக்க வேண்டும், இரண்டையும் ஒரே இடத்தில் விடக் கூடாது, நீளத்தை எங்குமே விடக் கூடாது.

மூன்றாம் வரைவு

இந்த நடைமுறையோடு அவர் மறுபடி உட்கார்ந்தார். முதலில் வந்தது தாழ்ப்பாள்:

கடைசியா கேட்டது ஒண்ணுதான், தாப்பா போட்டியா
போட்டேன்னு சொல்லிட்டு திரும்பிப் பாக்குறேன், நீ காத்தா போனியா

‘தாப்பா போட்டியா’, ‘காத்தா போனியா’ இரண்டிலும் உயிர்வரிசை ஆ, ஆ, ஓ, இ, ஆ. ஐந்து அசையும் ஒரே அச்சு. ‘தாப்பா – காத்தா’ வல்லின எதுகை. பேச்சில் தேய்ந்துபோன ழகர ஒற்றை ஒலித்தே சொன்னாலும், ஆசாக வரத்தக்க எழுத்துகளில் ழகரமும் ஒன்று என்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை. ‘போட்டியா – போனியா’ என்பதில் ஒன்று வல்லினம், மற்றது மெல்லினம். மெய் ஒன்றவில்லை, ஒற்று ஒன்றும் குறைகிறது. அங்கே உயிர் பிடித்துக்கொள்கிறது, ‘போ’ என்ற முதலெழுத்து மோனையாக நின்று துணை செய்கிறது.

இவ்வளவு இருந்தும், சொல்லிப் பார்த்தபோது ஜோடி சரியாகச் சேரவில்லை. இடத்தில்தான் சிக்கல். இரண்டாம் வரியில் பதினெட்டு அசைகள் இருந்தன. பாரில் இருப்பதோ பதினாறு இடம். நெருக்கிச் சொன்னதில் ‘போனியா’வின் ‘போ’ நான்காம் தட்டைத் தவறவிட்டு விழுந்தது. முதல் வரியின் ‘போட்டியா’வோ சரியாகத் தட்டின் மேல் இருந்தது. முழு ரைமாக இருந்தால் இந்த வழுவைக் காது பொறுத்திருக்கும். அரை ரைமுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒலியில் குறைவதை இடம்தான் ஈடுசெய்ய வேண்டும். இரண்டாம் வரியை அவர் இப்படிக் குறைத்தார்:

போட்டேன்னு திரும்புறேன், நீ காத்தா போனியா

பதின்மூன்று அசை. மிச்சமான இடத்தை ‘நீ’ என்பதற்கு முன் வெறுமையாக விட்டார். அந்தச் சிறு அமைதிக்குப் பிறகு ‘நீ’ வரும்போது, எத்தனை முறை கேட்டும் எனக்கு மனம் கனக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தந்தையை ‘நீ’ என்று விளிப்பதை ரைம் கேட்டதா, அவர் கேட்டாரா என்று நான் கேட்டேன். வீட்டில் சிறு வயதிலிருந்தே ‘நீ, வா, போ’ என்றுதான் தந்தையிடம் பேசினேன் என்றார். ‘நீங்க’ என்று அழைத்த மகனாக இருந்திருந்தால் ‘போனீங்களா’ என்றுதான் வரவேண்டும். அப்போது இந்த ஜோடியையே கைவிட்டிருப்போம். பொய்யான பேச்சை வெளியேற்றிவிட்டு, பொய்யான விளியை உள்ளே விட்டிருக்க முடியாது.

மூச்சும் திரும்பி வந்தது, வேறு துணையோடு:

ராத்திரி ஆனா நெஞ்சுல நிக்குது ஒரு மூச்சு
ரெண்டு தடவ இழுத்துப் பாக்குறேன் அதே பூட்டு

மூன்றாம் வெர்ஸில் கம்பளி:

போனத் தொறந்தா உன் பேரு, நம்பர அழிக்கல
போத்திப் படுத்த சூடு போயும் கம்பளி மடிக்கல

‘நம்பர அழிக்கல’, ‘கம்பளி மடிக்கல’ இரண்டும் ஏழேழு அசை. மூன்றாம் அசையில் ர, ளி என்று உயிர் மாறுகிறது. ஐந்தாம் அசையில் ழி, டி என்று மெய் இனம்விட்டு மாறுகிறது. மற்ற இடங்களில் உயிர் அப்படியே ஒன்றுகிறது. முன்னால் ‘ம்ப’, பின்னால் ‘க்கல’ என்று இரு முனையிலும் கயிறு இறுகக் கட்டியிருப்பதால், நடுவில் நேரும் தளர்வு காதில் உறுத்தவில்லை. அரை ரைமை ஒற்றைச் சொல்லில் வைப்பதைவிட, நான்கு, ஐந்து, ஏழு அசை கொண்ட தொடரில் வைப்பது பாதுகாப்பானது என்பதை இந்த இரண்டு ஜோடிகளும் எங்களுக்குக் காட்டின.

‘றேன்’ என்ற விகுதியை முற்றிலும் ஒழிக்கவில்லை. விகுதி ஒன்றுவதை ரைமாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு முந்தைய பகுதியிலும் ஒற்றுமை இருந்தால் மட்டுமே ரைம் என்று வைத்துக்கொண்டோம். ஹூக்கில் முழு எதுகைகளையே வைத்திருந்தார். அதைத் தொட வேண்டாம் என்று நானும் சொன்னேன். கூட்டமாகச் சேர்ந்து பாடும் பகுதிக்கு முன்கூட்டியே தெரியும் ஒலி வேண்டும்.

ஒலிப்பதிவில் நேர்ந்தது

பீட் அமைத்தவர் ஒலிப்பதிவு நாளன்று வேகத்தை 104 தட்டுக்கு உயர்த்தியிருந்தார். பாடல் சோர்வாக இருக்கிறது என்பது அவருடைய கருத்து, அது நியாயமற்றதன்று. ஆனால் அந்த வேகத்தில் ஒரு சிறு இடத்தின் நீளம் 0.17 வினாடியிலிருந்து 0.14 வினாடியாகக் குறைந்தது. ‘தாப்பா போட்டியா’ என்பதில் ஐந்தில் நான்கு உயிர் நெடில். வேகத்தில் அவை குறுகின. உயிரை மட்டுமே நம்பியிருந்த ‘போட்டியா – போனியா’ கலைந்துவிட்டது. ‘நம்பர – கம்பளி’ ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் பெரும்பாலும் குறில்களே இருந்தன, மெய்யும் பாதி ஒத்திருந்தது.

இரண்டு வழிகள் இருந்தன: வரியை மாற்றுவது, அல்லது வேகத்தைத் திருப்புவது. இரு வேகத்திலும் பதிவு செய்து அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோது, பீட் அமைத்தவரே 90-க்குத் திரும்பலாம் என்றார். சோர்வைப் போக்க, டிரம்ஸின் ஜோடி உலோகத் தகடான ஹை-ஹாட்டின் அடிகளை மட்டும் இரட்டித்தார். அதன் பின் யாருக்கும் மனக்குறை இருக்கவில்லை.

விளைவு

முடிந்த பாடலை அதே ஐந்து பேருக்கும் போட்டோம். வரிக்கடைசி ஜோடிகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் பிடித்தார்கள். எழுதாத மூவரில் ஒருவர், “எங்க ரைம் வருதுன்னே தெரியல, ஆனா எல்லாம் சேந்து நிக்குது” என்றார். பாடல் எழுதிய இளைஞரின் தாய் அதைக் கேட்டபோது நான் அங்கில்லை. தாப்பா என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, “அப்படியேதான் கேட்டாரு” என்று மட்டும் சொன்னாராம்.

முழு ரைமை அந்த இளைஞர் விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த பாடலுக்கு அவர் கொண்டுவந்த தாளில், வரிகளுக்கு முன்பாக ஒரு பக்கம் உரைநடை இருந்தது. நான் கேட்காமலே எழுதியிருந்தார்.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

கேட்போரை வைத்துப் பார்ப்பதை இரண்டாம் வரைவுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ‘அரை ரைம் போதும்’ என்று எல்லை சொல்லாமல் அனுமதி கொடுத்ததால்தான் இரண்டாம் வரைவு அத்தனை தளர்ந்தது. அந்த இரண்டு வார உழைப்பு வீணானதற்கு நான்தான் பொறுப்பு. ஐவரும் அவருக்குத் தெரிந்தவர்கள் என்பதும் ஒரு குறை. தந்தையின் மறைவை அறிந்த காது கூடுதலாக இரங்கியிருக்கக்கூடும். முன்பின் அறியாத ஒருவரையாவது அழைத்திருக்கலாம். வேகத்தை உறுதி செய்யாமல் உயிரின் நீளத்தை நம்பி எழுதவும் கூடாது. பீட் அமைப்பவரை முதல் நாளிலேயே உட்காரவைத்துப் பேசியிருந்தால் ஒலிப்பதிவு நாளில் பாதி மிச்சமாகியிருக்கும்.

இலக்கண வகைகளின் பெயர்களை அவரிடம் சொன்ன விதத்திலும் எனக்கு ஐயம் உண்டு. சில நாட்கள் அவர் வரிகளைக் கேட்பதை விட்டுவிட்டு, வல்லினமா இடையினமா என்று எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெயர்கள், காது கேட்டதைப் பின்னால் விளக்குவதற்குப் பயன்பட்டன. முன்னால் வைத்து எழுதுவதற்குப் பயன்படவில்லை. இனி அந்த வரிசையில்தான் சொல்வேன்.

ஓர் இடத்தில் நாங்கள் கடைசிவரை உடன்படவில்லை. பாடலின் கடைசி வரி, ‘பழைய நோட்டு அட்டையில உன் எழுத்துல என் பேரு’ என்பது. அதற்கு முன்னால் வரும் வரிகள் எதனோடும் அது சேராது. அரை ரைமாகக்கூட இல்லை. துணையில்லாமல் முடிய வேண்டும் என்று அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார். ஐவரில் மூவருக்கு அது மறந்துபோன வரியாகப் பட்டது. எனக்கும் அப்படியே பட்டது. அவர் மாற்ற மறுத்துவிட்டார், பாடலும் அப்படியே வெளிவந்தது. இப்போது திரும்பத் திரும்பக் கேட்டதில், குறை அந்த வரியில் இல்லை, அதற்கு முன் ஒரு தட்டுகூட இடைவெளி இல்லாததில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் பாடும்போது அந்த இடத்தில் பீட்டை ஒரு பார் முழுக்க நிறுத்திப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.